தலைதட்டிய ஒரு கரண்டி

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு உப்பில்தான் போய் நிற்கிறது. உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு, பிரஷர் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு. அன்றைக்குப் பார்க்கில் நடந்து முடித்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருத்தி சொன்னாள்: "டாக்டரு நாளைக்கு அஞ்சு கிராமுக்கு மேல கூடாதுன்னுட்டாரு. அஞ்சு கிராம்னா எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்? நான் பாட்டுக்கு ஒரு ஸ்பூன் போட்டுக்கறேன்." எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சமையலறையில் ஒரு வேலை செய்து பார்த்தேன். அதைச் செய்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வாக்கிங்குக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு அனுப்பினீர்கள். அதற்குப் பதில்தான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா உப்பால் செத்தார். அந்த உப்பை அம்மா தெரிந்தே போட்டாள் என்று எங்கள் சொந்தத்தில் எல்லாரும் நம்பினார்கள். அவள் கண்ணை மூடுகிறவரை நம்பினார்கள். அவள் போடவில்லை.

நாங்கள் அப்போது ஜீவனஹள்ளியில் இருந்தோம். ஓடு போட்ட ஒரு வீடு, ஒரு அறை, ஒரு சமையல் கட்டு. கொஞ்ச தூரம் நடந்தால் காக்ஸ் டவுன் பங்களாக்கள், பெரிய மரங்கள், கேட்டில் நாய். எங்கள் பக்கம் குழாயடி, கோழி, கரிப்புகை. அப்பா ஒரு துணி மில்லில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் அக்கா, என் அத்தை, காக்ஸ் டவுனில் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், வீட்டில் ஆயாவாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு லீவு. அந்த வீட்டு கேக் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு எங்களைப் பார்க்க வருவாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவளுக்கென்று குழந்தை இல்லை. அப்பா நாற்பது வயசு ஆம்பளை, அவள் அவரை "டேய் தம்பி, தலைய தொவட்டு" என்றுதான் கூப்பிடுவாள்.

நயா பைசா வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கடைகளில் சேர் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த காலம். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கடைக்காரர்கள் புது எடைக்கல்லைத் தட்டில் வைத்துவிட்டு, பழைய வாடிக்கைக்காரர்களுக்காகச் சேரில் ஒருமுறை அளந்தும் காட்டுவார்கள். மில் ஸ்டோருக்குப் புது எடைக்கற்கள் வந்த அன்று அப்பா ஏதோ தானே வார்த்துச் செய்த மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மாவுக்குக் கிலோ பிடிக்கவில்லை. ஒரு கிலோ அரிசி வாங்கி வந்தால் முதல் வேலையாகத் தன் பித்தளைச் சேரில் கொட்டி அளப்பாள். சேர் தலைதட்டி நிறைந்து ஒரு சின்னப் பிடி மிஞ்சும்.

"இவ்ளோதானா உங்க கிலோ. ஒரு சேரும் ஒரு பிடியும். இதுக்குப் போயி ஊரையே மாத்திக்கினு இருக்கானுங்க."

தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் கணக்கு. சேர் என்றால் கிலோ, கிலோ என்றால் சேர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கப் போன அம்மா, கிலோ பழகிவிட்ட பெருமையில், "ஒரு கிலோ பொரி" என்று கேட்டுவிட்டாள். கடைக்காரர் ஒருமுறை அவளைப் பார்த்தாராம். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கோணிப்பையில் கொட்ட ஆரம்பித்தாராம். கொட்டிக்கொண்டே இருந்தாராம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா சந்துக்குள் நுழைந்தபோது குழாயடியில் எல்லாரும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள்.

அப்பா மில்லிலிருந்து வந்து மூட்டையைப் பார்த்தார். சிரித்தார் பாருங்கள், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"ஏன்மே, சேருங்கறது பாத்திரம். கிலோங்கறது பாரம். பாத்திரம் ஒண்ணேதான் கீது. உள்ள போறது அரிசியா பொரியான்னு பாக்க வேணாமா?"

"கடைக்காரன் சொல்லியிருக்கலாமில்ல?"

"அவன் ஏன் சொல்றான்? அவனுக்கு மூட்டை வித்துது."

அப்புறம் எங்கள் வீட்டில் பொரிதான். பொரியில் வெங்காயம், பொரியில் வெல்லம், பொரி உப்புமா. கடைசியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எங்கள் வீட்டு வாசலை விட்டு நகர மறுத்தன. ஏதாவது கோபம் வந்தால் அப்பா "ஒரு கிலோ பொரி" என்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். இந்தப் பொரிக் கதையை மறந்துவிடாதீர்கள். நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் அப்பாவுக்குக் கால் வீங்கியது. முதலில் செருப்பு வார் பதிந்த தடம் இரவெல்லாம் மறையாமல் இருந்தது. பிறகு செருப்பே நுழையவில்லை. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும், மெல்ல மெல்ல மேடேறும். அப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, வா, குழி தோண்டு" என்பார். நான் வரிசையாக ஐந்து குழி தோண்டி, கடைசிக் குழி தோண்டுவதற்குள் முதல் குழி மூடுகிறதா என்று பார்ப்பேன். எனக்கு அது விளையாட்டு. அவருக்கும் அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார். உப்பைக் கட்டுப்படுத்தினால் நிறைய நாள் இருக்கலாம், இல்லையென்றால் தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். பொறுமையான மனிதர், அம்மாவின் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்.

"நாளைக்கு மூணு கிராம் உப்பு. எல்லாம் சேர்த்து. அதுக்கு மேல ஒரு கல்லு போகக்கூடாது. உங்க கைலதான் இருக்குது அம்மா இது."

அம்மா தலையாட்டினாள். வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டே அப்பாவைக் கேட்டாள்: "மூணு கிராம்னா எவ்ளோங்க?"

அவளுக்குப் படி தெரியும், ஆழாக்கு தெரியும், பலம் தெரியும். சிட்டிகை தெரியும், பிடி தெரியும். கிராம் என்பதை அவள் கையில் பிடித்ததே இல்லை. கடையில் அவ்வளவு சின்ன எடைக்கல்லும் கிடையாது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உடம்பு சரியில்லாத மனிதர் மாதிரியே இல்லாமல் துள்ளி எழுந்தார்.

குடையிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றினார். ஷூ பாலிஷ் டப்பாக்களின் மூடி இரண்டைத் தேய்த்துக் கழுவி, ஆணியால் ஓட்டை போட்டு, நூல் கட்டி, கம்பியின் இரு முனையிலும் தொங்கவிட்டார். நடுவில் ஒரு நூல். ஒரு பக்கம் சாய்ந்தது, சோற்றுப் பருக்கையை நசுக்கி மறுபக்கம் ஒட்டினார். நேராக நின்றது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நயா பைசாக் காசு இரண்டை எடுத்தார்.

"இது ஒண்ணு ஒண்ணரை கிராம். ஸ்டோர்ல சின்னக் கல்லு வராதப்போ சாயப் பொடிய இத்த வெச்சுத்தான் நிறுத்தோம். ரெண்டு போட்டா உங்க டாக்டர் சொன்ன மூணு."

ஒரு தட்டில் இரண்டு பைசா. மறு தட்டில் அம்மா கல்லுப்பை ஒவ்வொரு கல்லாக வைத்தாள். உப்புத் தட்டு இறங்கினால் ஒரு கல்லை எடுப்பாள், ஏறினால் ஒரு கல்லைப் பாதியாக உடைத்து வைப்பாள். நான் மூச்சு விட்டால் தட்டு ஆடுகிறது என்று என்னை வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் கம்பி படுத்த கோடாக நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல சாயங்காலம் ஒன்றை எனக்கு நினைவில்லை.

இனி தினம் இப்படி நிறுக்க முடியுமா? அம்மா பெட்டியைத் திறந்து ஒரு கரண்டியை எடுத்து வந்தாள். கொம்பில் செய்த சின்னக் கரண்டி, தேன் நிறம். அவளுடைய அப்பா தங்கவயலில் ஒரு துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவர். துரை சீமைக்கே திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் ஒன்று, அவித்த முட்டையைத் தோண்டித் தின்பதற்கானது. தட்டிலிருந்த உப்பை அதில் கொட்டி, ஆள்காட்டி விரலால் மேலே ஒரு தடவு தடவினாள். ஒரு கல் சிந்தவில்லை, ஒரு கல் குறையவில்லை. தலைதட்டி ஒரே ஒரு கரண்டி.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கீது பாரு," என்றார் அப்பா.

"சாமி குடுத்த கரண்டி," என்றாள் அம்மா.

அதோடு தராசின் வேலை முடிந்தது. குடைக்கம்பி குடைக்கே திரும்பிப் போயிற்று, மழை வரப்போகிறதல்லவா. மூடிகள் இரண்டும் எனக்குப் பாண்டி விளையாடக் கிடைத்தன. ஒன்றைச் சாக்கடையில் தொலைத்தேன், மற்றது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

காலையில் எழுந்ததும் அம்மா முகம் கழுவி, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு கரண்டி உப்பைத் தலைதட்டி ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு மாடத்தில் வைப்பாள். அன்றைக்கு அப்பாவின் உப்பு அவ்வளவுதான். அவருக்குத் தனிச் சட்டி. பருப்புக்கு அதிலிருந்து கொஞ்சம், காய்க்குக் கொஞ்சம், ராத்திரிக்குக் கொஞ்சம். மத்தியானம் கை கூடிவிட்டால் ராத்திரி சப்பென்றுதான். எலுமிச்சம்பழம் பிழிவாள், மிளகைத் தட்டிப் போடுவாள், பூண்டைச் சுட்டு வைப்பாள். அப்பா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவார்.

"வைக்கோலு துன்ற மாதிரி கீது மே. ஒரு கல்லு குடு. நாக்குல வெச்சுக்கினு துப்பிடறேன்."

"வேணாங்க."

"எங்கக்காகிட்ட கேட்டா குடுத்துருப்பா."

"போயி அவங்களையே கேளுங்க."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். தண்ணீர் வராத நேரத்தில் குழாயடியில் அவளுக்கு என்ன வேலை என்று எனக்கு அப்போது புரியவில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் ஜன்னலைச் சாத்துவாள். அவளும் நானும் சாப்பிடுவது அப்பா மில்லுக்குப் போனபின்தான். ஆமாம், மில்லுக்குப் போக ஆரம்பித்திருந்தார். வீக்கம் வடிந்துவிட்டது. செருப்பு நுழைந்தது. நான் அழுத்தினால் குழி விழவில்லை. டாக்டர் அம்மாவைப் பார்த்து, "நீங்கதான் அம்மா டாக்டரு" என்றாராம். அதை அவள் அத்தையிடம் மறுபடி மறுபடி சொன்னாள்.

மழை வந்தது. அந்த வருஷம் பெய்த பெய்யலில் சுவரெல்லாம் ஓதம் காத்தது. உப்பு ஜாடி அழ ஆரம்பித்தது. மேலே கல், கீழே தண்ணீர். ஈரக் கல் கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், விரலால் தடவினால் விரலோடு வரும். எது மூன்று கிராம் என்று அம்மா தவித்தாள். அடுப்பு ஓரத்தில் காயவைத்து அளந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தை இதைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு வரும்போது கேக்கோடு கூட ஒரு கண்ணாடி பாட்டிலையும் கொண்டு வந்தாள்.

"எங்க சட்டைக்காரம்மா வீட்டு மேசைல வெக்கிற உப்பு. கடல்ல வாரின உப்பு மாதிரி மண்ணு கிண்ணு ஒண்ணும் இருக்காது. தண்ணியும் உடாது. தம்பிக்கு ஒடம்பு சரியில்லன்னு கேட்டேன், எடுத்துக்கினு போன்னுட்டாங்க."

அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மணல் மாதிரி ஓடியது, மணலைவிட நைசாக. "எவ்ளோ வெள்ளையா கீது அண்ணி," என்றாள். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்கு நிறைய. அத்தை அந்த உப்பை எத்தனை ஆசையாகக் கொண்டு வந்தாள் என்பதற்கு நான் சாட்சி. அம்மா அதை எத்தனை ஆசையாக வாங்கி வைத்தாள் என்பதற்கும் நானே சாட்சி.

மறுநாள் காலையில் அதே கரண்டி, அதே விரல். பொடி உப்பு தடவினதும் கண்ணாடி மாதிரிச் சமமாக நின்றது. கல்லுப்பு எப்போதும் முண்டும் முடிச்சுமாகத்தான் நிற்கும். இது அளவுக்கென்றே பிறந்த உப்பு என்று அம்மாவுக்குத் திருப்தி. கரண்டியின் முதுகில் ஒட்டிய தூளைக்கூட ஊதிவிட்டுத்தான் கிண்ணத்தில் போட்டாள்.

அன்று மத்தியானம் மில்லிலிருந்து சாப்பிட வந்த அப்பா குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மே, இன்னிக்கி இப்டி கீது?"

"எப்டி கீது?"

"கொழம்பு மாதிரி கீது."

அன்று தட்டு காலியாயிற்று. அதற்கப்புறம் தினமும் காலியாயிற்று. நாக்கு பழகிவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று அம்மா நினைத்தாள். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார், அம்மாவிடம் சொல்லும்போது. அத்தையிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார்: "அவ கை எளகிடுச்சு அக்கா. வாய்க்கு ருசியாப் போடறா. வெளிய சொல்லாத." பொரிக்கு அப்படிச் சிரித்த மனிதர், பாத்திரம் வேறு பாரம் வேறு என்று அம்மாவுக்குச் சொன்னவர், தன் சோற்றில் இருந்த ருசியை மனைவியின் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார். சமையல் கட்டில் எதை எதால் அளக்கிறார்கள் என்று எந்த ஆம்பளை எட்டிப் பார்த்தார்?

அந்த வாரங்கள் எங்களுக்கு நல்ல வாரங்கள். அப்பா சைக்கிளில் என்னை முன்கம்பியில் உட்காரவைத்துக் காக்ஸ் டவுன் மார்க்கெட் வரைக்கும் ஓட்டிப் போனார். ராத்திரியில் பாடினார், நன்றாகப் பாட வராது, இருந்தும் பாடினார். அம்மா தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். ஒருநாள் அவர் "இன்னொரு கரண்டி ஊத்து" என்று தட்டை நீட்டியபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. முதல் பாட்டில் தீர்ந்துபோய் அத்தை இரண்டாவது பாட்டிலும் கொண்டு வந்தாள்.

வீக்கம் இந்த முறை முகத்தில் தொடங்கியது. காலையில் கண் திறக்க முடியாது. பிறகு கால், தொடை, வயிறு. படுத்தால் மூச்சு முட்டியது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் என்ன, அத்தையும் இருந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன்.

"உப்பு எவ்ளோ போடறீங்க?"

"ஒரு கரண்டி சார். தலைதட்டி."

"மூணு கிராம்தானா அது?"

"மூணு கிராம்தான் சார். தராசுல நிறுத்துப் பாத்தது."

டாக்டர் காகிதங்களைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "மூணு கிராம்ல இப்படி ஆகாதே அம்மா. உப்பு ஏறிக்கினே போயிருக்கு," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள்.

வெளியே வராந்தாவில் அத்தை அவள் கையை உதறினாள்.

"அவன் கேட்டான்னு போட்டியாமே? வாய்க்கு ருசியாப் போடறான்னு அவனே எங்கிட்ட சொன்னான். நானும் சந்தோசப்பட்டேன், பாவி."

"இல்ல அண்ணி. ஒரு கரண்டிக்கு மேல போடல."

"அப்ப ருசி எங்கேர்ந்து வந்துச்சு? சொல்லு."

நினைத்துப் பாருங்கள், அவளுக்கும் அது தெரியாது. என்னை இழுத்து என் தலையில் கை வைத்து, "இவ மேல சத்தியமா போடல" என்றாள். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டு, "பெத்த பொண்ணு தலையில பொய்ச் சத்தியம் பண்ணாத" என்றாள்.

கடைசியாக நாங்கள் அப்பாவை உயிரோடு பார்த்த சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில். அத்தை வெந்நீர் பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு வந்து வாசல்படியில் நின்றிருந்தாள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிச் சொன்னார்.

"நீ போட்டதுல தப்பில்ல மே. நானே கேட்டேன். நீ மனசு கேக்காம போட்ட. அந்த ஒண்ரெண்டு மாசம் நான் மனுசனாட்டம் துன்னேன். அது போதும்."

அம்மா வாயைத் திறந்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் கையைத் தடவிக் கொடுத்து, "சரி, தூங்குங்க" என்றாள்.

வாசல்படியில் நின்ற அத்தைக்கு அது போதும். ஒப்புக்கொண்டாள் என்று ஊருக்கே ஆயிற்று. சாவு வீட்டில் பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவில்லை, சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அத்தை வருஷா வருஷம் அப்பாவின் நாளுக்கு வந்தாள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "அந்தப் பொண்ணோட அம்மாதான..." என்று இழுத்தவர்கள் உண்டு.

அம்மா உப்பை விட்டாள். யாரிடமும் சொல்லிக்கொண்டு விடவில்லை. காரியமெல்லாம் முடிந்து, அவரைக்காய் வந்த மாசத்தில், எனக்குக் குழம்பு ஊற்றிவிட்டு அவள் தட்டில் தனியாக எடுத்து வைத்திருந்ததைப் போட்டுக்கொண்டபோதுதான் கவனித்தேன். அவரைக்காய்க் குழம்பு அவளுக்கு உயிர். உப்பில்லாமல் அதைப் பிசைந்து தின்றாள். அதன்பின் கடைசிவரை அப்படித்தான். கல்யாண வீட்டில் மோரும் வெறும் சோறும்.

எனக்குக் குழந்தை பிறந்து அவள் என்னோடு வந்திருந்தபோது ஒருநாள் கேட்டேன், அப்பாவிடம் ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் அத நெனச்சு சந்தோசமா இருந்தாரு. பொண்டாட்டி நமக்காகப் போட்டான்னு. இல்லன்னு சொல்லி அதையும் புடுங்கணுமா?"

மடித்ததை அடுக்கி வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "போடலன்னுதான் நெனப்பு. ஆனா எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடி. வெரலு சரியாத் தடவலியோ இன்னாவோ. அத்தினி பேரு சொல்லும்போது."

நான் அவளை நம்பினேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வாதாட? மூன்று கிராமில் அப்படி ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே.

இனி, பார்க்கிலிருந்து வந்து நான் செய்த வேலை. என் மகள் கேக் செய்வதற்கு பேட்டரி போட்ட சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். உங்களில் ஒருத்தி "ஸ்பூன்" என்று சொன்னது மண்டையிலேயே நின்றது. கொம்புக் கரண்டி என்னிடம்தான் இருக்கிறது, அம்மாவின் பெட்டியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஊறுகாய்க்கு வாங்கிய கல்லுப்பை அதில் அள்ளி, அவள் தடவுகிற மாதிரித் தடவி, தராசில் கொட்டினேன். மூன்று காட்டியது. அப்பாவின் பாலிஷ் மூடித் தராசு பொய் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு, சும்மாதான், பக்கத்தில் இருந்த பொடி உப்பை அதே கரண்டியில் அள்ளித் தடவிக் கொட்டினேன். ஏறக்குறைய ஆறு.

தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திரும்பவும் கொட்டினேன், திரும்பவும் கொட்டினேன். பிறகு கல்லுப்பை மறுபடி கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு காற்று! பொடியில் அந்தச் சந்து இல்லை. கரண்டி ஒன்றுதான், உள்ளே போனது வேறு. அம்மாவுக்கு மூன்று கிராம் என்பது எடையே இல்லை, அது அந்தக் கரண்டி. குழாயடியே சிரித்த பொரி மூட்டையை நாங்கள் உப்புக்கு நினைத்துப் பார்க்கவில்லை. அவள் எத்தனைக்கெத்தனை நேர்மையாகத் தலைதட்டினாளோ அத்தனைக்கத்தனை சரியாக இரண்டு பங்கு உப்பு அப்பாவின் சோற்றில் விழுந்தது.

யாரிடம் சொல்வது? அம்மா இல்லை. அத்தையும் இல்லை. இருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அம்மாவை விடுவிக்க வேண்டுமென்றால் அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பிக்காகக் கைநீட்டிக் கேட்டு வாங்கி வந்த கிழவியிடம், அதுதான் அவனைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வேன்? அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும். அத்தைக்காகவும் ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஆனால் அவளுக்காவது தெரிந்திருக்கலாம். தன் விரலைத் தானே சந்தேகப்படாமல் செத்திருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை, ஆறவும் போவதில்லை.

நேற்று அம்மாவின் நாள். வருஷா வருஷம் அவளுக்கு அவரைக்காய்க் குழம்பு வைத்துப் படைப்பேன், உப்பில்லாமல். அவள் எப்படித் தின்றாளோ அப்படித்தான் வைக்கவேண்டும் என்று ஒரு எண்ணம். படையல் முடிந்தபின் நாங்கள் எங்கள் தட்டில் உப்பைத் தூவிக்கொள்வோம். நேற்று ஜாடியைத் திறந்து கல்லுப்பை அந்தக் கரண்டியில் அள்ளினேன். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தலைதட்டிக் குழம்பில் போட்டேன். படைப்பதற்கு முன் ருசி பார்க்கக்கூடாது. பார்க்கவில்லை.

இலையில் வைத்துக் கும்பிட்டு முடித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் வழக்கம்போல உப்பை எடுத்துத் தட்டில் தூவப் போனவள், ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினாள்.

"என்னம்மா, இந்த வருஷம் பாட்டி கொழம்புல உப்பு இருக்கு?"

"ஆமா," என்றேன். "உங்க பாட்டி சரியாத்தான் அளந்தா."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏம்மா அழுகிறாய் என்று எழுந்து வந்தாள். ஒன்றுமில்லை, உட்கார்ந்து சாப்பிடு, ஆறிவிடும் என்றேன்.